மினி டிராக்டரா, புல் வெட்டும் மெஷினா? வாங்குவதற்கு முன் மரத்தை எண்ணுங்கள்

எங்கள் பக்கம், அதாவது கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம் வட்டாரத்தில், தோப்புக்குள் வீடு கட்டும் பழக்கம் பெருகிவிட்டது. வீட்டுக்கு முன்னால் ஒரு லான், பின்னால் இரண்டு மூன்று ஏக்கர் தென்னை. வேலை கோவையிலோ பாலக்காட்டிலோ. சனி ஞாயிறு இங்கே. முதல் மழைக்காலம் முடிவதற்குள் எனக்குப் போன் வந்துவிடும்.

“அண்ணா, மினி டிராக்டர் ஒண்ணு எடுத்துரலாம்னு இருக்கேன். புல்லு இடுப்பளவு நிக்குது.”

“லான் எத்தனை சென்ட் தம்பி?”

“இருபது சென்ட் இருக்குங்ணா. பின்னாடி தோப்பு ரெண்டரை ஏக்கர்.”

“கேட் எத்தனை அடி?”

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். கேட்டை யாரும் அளந்திருப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தத் தம்பிகளுக்காக. கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வாங்கிய பிறகு வரும் சங்கடங்களில் முக்கால்வாசி, வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரம் செலவழித்திருந்தால் வராதவை.

முதலில்: உங்களிடம் இருப்பது லானா, தோப்புப் புல்லா?

இரண்டும் புல்தானே என்று தோன்றும். ஆனால் வேலை வேறு. லான் என்பது உட்காரவும் நடக்கவும் பார்க்கவும் வளர்ப்பது. ஒரே உயரத்தில், ஒரே சீராக வெட்டப்பட வேண்டும். தோப்புப் புல்லை அழகுக்காக யாரும் வெட்டுவதில்லை. பாம்பு தெரிய வேண்டும், விழுந்த தேங்காய் தெரிய வேண்டும், களை விதை விடுவதற்குள் சாய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டை மெஷின்களும் அறியும். டிராக்டர் பின்னால் மாட்டும் ஸ்லாஷரில் கனமான பிளேடுகள் போல்ட்டில் தொங்கிக்கொண்டு சுழலும். கல்லிலோ கட்டையிலோ பட்டால் மடங்கிக் கொடுக்கும். விரல் தடிமன் குச்சியைக்கூட அடித்து நொறுக்கிவிடும். ஆனால் அது புல்லை வெட்டுவதைவிட அடிப்பதுதான் அதிகம். நுனி கிழிந்து, இரண்டு நாளில் லான் முழுக்க வெளிறிப்போய் நிற்கும். லானுக்கான மெஷினிலோ கூரான பிளேடு, தரையிலிருந்து இத்தனை அங்குலம் என்று வைத்த உயரத்தில் வேகமாகச் சுழன்று நுனியைச் சீவும்.

டிராக்டரிலேயே லானை நன்றாக வெட்ட முடியாதா என்றால், முடியும். அதற்கென்று ஃபினிஷ் மோவர் என்று ஒன்று இருக்கிறது. மூன்று பிளேடும் உயரத்தைப் பிடிக்கத் தனிச் சக்கரங்களும் உண்டு. டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் மாட்டும் வகையும் உண்டு. வெளிநாடுகளில் இவை சர்வசாதாரணம். பொள்ளாச்சிக் கடைகளில் ஸ்லாஷரும், மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டரும் வரிசையாக நிற்கும். ஃபினிஷ் மோவர் என் கண்ணில் பட்டது அபூர்வம். உதிரிபாகம் கிடைக்காத சாமானை நம்பி ஐந்து லட்ச ரூபாய் வண்டியை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியைச் சில கடைகளில் ‘லான் டிராக்டர்’ என்பார்கள். பார்ப்பதற்கும் குட்டி டிராக்டர் மாதிரியே ஸ்டியரிங், சீட், பானட்டோடு நிற்கும். அது டிராக்டர் அல்ல. புல் வெட்டும், இலேசான தள்ளுவண்டியை இழுக்கும். கலப்பையோ ரொட்டவேட்டரோ மாட்ட முடியாது.

அடுத்தது: நடந்து அளப்பது

ஒரு நூறடி டேப்பும், ஒரு நோட்டும், கூட ஒரு ஆளும் போதும். பத்திரத்தில் இருக்கும் ஏக்கரை மறந்துவிடுங்கள். வீடு, போர்டிகோ, வண்டிப்பாதை, கிணற்று மேடு, களம் எல்லாம் கழித்து உண்மையில் புல் நிற்கும் இடம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இருபது சென்ட் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு நண்பர் வீட்டில் அளந்தபோது லான் பதினொரு சென்ட்தான் தேறியது. மீதியெல்லாம் கல் பாவிய பாதையும் ரோஜாப் பாத்தியும்.

அப்புறம் தடைகளை எண்ணுங்கள். மரம், விளக்குக் கம்பம், உட்காரும் கல், சொட்டுநீர்க் குழாய், வால்வு, ஸ்பிரிங்ளர், ஊஞ்சல். ஒவ்வொரு தடையும் மெஷின் ஒரு தடவை சுற்றிப்போக வேண்டிய இடம். பெரிய மெஷின் எவ்வளவு வேகமாக ஓடினாலும், தடைக்குத் தடை நின்று திரும்பினால் அந்த வேகம் பயன்படாது. மரம் இல்லாத ஒரு ஏக்கர் மைதானத்தை வெட்டுவது சுலபம். முப்பது பாக்கு மரமும் எட்டுப் பூப்பாத்தியும் உள்ள கால் ஏக்கர் பிராணனை வாங்கிவிடும். வாங்கப் போகும் மெஷினின் அகலத்தை முடிவு செய்வது ஏக்கர் கணக்கு இல்லை, இந்த எண்ணிக்கைதான்.

தென்னந்தோப்பு என்றால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இருபத்தைந்து அடிக்கு ஒரு மரம் நட்டிருப்போம். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி. இரண்டு பக்கமும் ஆறு ஆறு கழித்தால் நடுவில் பதின்மூன்று அடி மிச்சம். நாலடி ஸ்லாஷர் நாலு ஓட்டில் அதை முடித்துவிடும். ஆக, ஒழுங்காக நட்ட தோப்பில் மினி டிராக்டர் தாராளமாகப் போகும். ஊடுபயிராகக் கோகோ வைத்திருந்தால் அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள். கிளை நெஞ்சு உயரத்தில் விரிந்து நிற்கும், ஓட்டுகிறவர் முகத்தில்தான் அறையும்.

கேட் அகலம். மினி டிராக்டர் சுமார் மூன்றரை அடி, பின்னால் ஸ்லாஷர் நாலடிக்கு மேல். ஆறடி கேட் இருந்தால் நிம்மதி. வரிசை முடிவில் திரும்புவதற்குப் பன்னிரண்டு அடியாவது வெறும் இடம் வேண்டும். வேலிக்கம்பி வரை தென்னை நட்டிருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

சரிவையும் பாருங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பெரும்பாலும் சமதளம். கொல்லங்கோடு, நெல்லியாம்பதி அடிவாரம், ஆனைமலைப் பக்கம் என்றால் கவனம் தேவை. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளுக்கு 15 டிகிரிதான் பொதுவாகச் சொல்லும் எல்லை. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஒரு பத்தடிச் சட்டத்தின் மேல் வைத்து, ஒரு முனை மேட்டுத் தரையில் பட, சட்டத்தைச் சமமாகத் தூக்கிப் பிடியுங்கள். தாழ்ந்த முனையில் சட்டத்துக்கும் தரைக்கும் இடைவெளி இரண்டடி எட்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் அது 15 டிகிரியைத் தாண்டிவிட்டது. அங்கே டிராக்டரும் வேண்டாம், உட்காரும் வண்டியும் வேண்டாம். ஆள் பிடித்து வெட்டும் பிரஷ் கட்டர்தான்.

எல்லைக்குள் இருக்கும் சரிவிலும் ஒரு முறை உண்டு. உட்கார்ந்து ஓட்டும் வண்டியை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் கவிழும். தள்ளிக்கொண்டு போகும் மெஷினைக் குறுக்கே ஓட்ட வேண்டும். மேலும் கீழுமாகப் போனால் வழுக்கி அதன் மேலேயே நாம் விழுவோம், அல்லது அது நம் கால் மேல் வரும்.

மண்ணைக் கேளுங்கள்

இதில்தான் நான் அடி வாங்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேரளம் என்றாலே செம்மண்ணும் வெட்டுக்கல்லும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் இருக்கிறது. காய்ந்தால் கைநுழையும் அளவு வெடிக்கும். நனைந்தால் செருப்போடு சேர்ந்து வரும். என் வீட்டு லானில் கரிசலுக்கு மேல் அரையடி செம்மண் கொட்டி, கொரியன் புல் பதித்திருந்தேன். தோப்புக்கென்று பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கினேன். விற்றவர், “லானுக்கும் இதுவே போதும் சார், தனியா எதுக்குச் செலவு” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஜூலை மாதம். இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி லானுக்குள் இறக்கினேன். முதல் ஓட்டில் ஒன்றும் தெரியவில்லை. மூலையில் திரும்பும்போது பின் டயரின் பட்டைகள் செம்மண்ணைப் பிடுங்கிக்கொண்டு கரிசலுக்குள் இறங்கின. பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தேன். அதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. சக்கரம் அதே இடத்தில் சுற்றி முக்கால் அடி பள்ளம் தோண்டியது. கார்த்திகை வரைக்கும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. மண் போட்டு நிரப்பி மறுபடி புல் பதித்தும், அந்த இரண்டு கோடு அடுத்த கோடை வரை தெரிந்துகொண்டே இருந்தது. இறுகிய மண்ணில் வேர் இறங்காது, அதுதான் காரணம்.

மினி டிராக்டர் அறுநூறிலிருந்து எண்ணூறு கிலோ. ஸ்லாஷரும் ஓட்டுகிறவரும் தனி. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி இருநூறு கிலோ சுமார், அதன் டயரும் வழவழப்பாக அகன்று இருக்கும். தள்ளும் மெஷின் முப்பது, நாற்பது கிலோ. டிராக்டருக்கும் லான் டயர் போடலாம், எடையைக் குறைக்க முடியாதே. உழவு டயரோடு லானுக்குள் வராதீர்கள். மழைக்காலத்தில் எந்த டயரோடும் வராதீர்கள்.

நீங்கள் சோதிக்க ஒரு வழி. மழை விட்ட மறுநாள் லானில் வெறுங்காலோடு குதிகாலை ஊன்றி ஒரு திருப்பு திருப்புங்கள். குழி விழுந்தால், எந்தச் சக்கரமும் அன்று உள்ளே வரக்கூடாது.

பாலக்காட்டுக் கணவாய் காற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் அது அடிக்கிற அடியில் காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை, குரும்பை என்று லான் முழுக்கக் கிடக்கும். வெட்டுவதற்கு முன் ஒரு ஆள் பொறுக்கியே ஆக வேண்டும். மட்டையின் அடித்தண்டு புல்வெட்டியில் பிளேடை மூடியிருக்கும் தகட்டுக்குள் சிக்கினால் பிளேடு வளையும், அல்லது எஞ்சினின் அச்சே கோணும்.

என்ன புல் என்று தெரியுமா?

சுருக்கமாக: கொரியன் புல்லை ஒன்றிலிருந்து இரண்டு அங்குலத்தில் வைத்திருக்கலாம். வெட்டாமல் விட்டால் மேடு மேடாக எழும்பும். இலை விறைப்பானது, மழுங்கிய பிளேடு அதைக் கிழித்துவிடும். அருகம்புல் வகைகள் வெயில் கேட்கும், ஒரு அங்குலம் வரை தாங்கும். கேரளப் பக்கம் வீடுகளில் அதிகம் பதிக்கும் அகன்ற இலை பஃபலோ புல் நிழலைத் தாங்கும். இரண்டு, மூன்று அங்குலத்துக்குக் கீழே இறக்காதீர்கள். எந்தப் புல்லானாலும் ஒரு தடவைக்கு அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மூன்று அங்குலம் வளர்ந்ததை இரண்டாக்கலாம், ஒன்றாக்கக் கூடாது.

இதனால்தான் மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வெட்ட வேண்டி வருகிறது. “மாசம் ஒருக்கா டிராக்டர்ல ஒரே அடியா அடிச்சுவிட்டுரலாம்” என்பது லானில் நடக்காது. தோப்பில் நடக்கும்.

மணிக் கணக்கு போடுங்கள்

21 அங்குல அகலமுள்ள தள்ளும் மெஷினை, சாதாரண நடை வேகத்தில், ஒவ்வொரு ஓட்டிலும் முன்பு வெட்டிய ஓரத்தின் மேல் கொஞ்சம் ஏற்றி வெட்டினால் மணிக்கு சுமார் 1,400 சதுர மீட்டர் ஆகும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக மூன்று மணி நேரம். 42 அங்குல உட்காரும் வண்டி அதே ஏக்கரை ஒரு மணிக்குள் முடிக்கும். நாலடி ஸ்லாஷர் மாட்டிய மினி டிராக்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம். இதெல்லாம் தடையில்லாத தரைக்கு. நீங்கள் எண்ணி வைத்த மரங்களுக்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது போன் செய்த தம்பியின் கணக்கு. இருபது சென்ட் லான்: தள்ளும் மெஷினில் அரை மணிக்குக் கொஞ்சம் மேல், தடை, மூலை முடுக்கு சேர்த்து ஒரு மணி. வருடத்துக்கு இருபது தடவை என்றால் இருபது மணி நேரம். ரெண்டரை ஏக்கர் தோப்பு: ஸ்லாஷரில் ஒரு தடவைக்கு மூன்று மணி, வருடத்துக்கு நாலு தடவை, பன்னிரண்டு மணி. வாடகை டிராக்டர் மணிக்கு ஆயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டாயிரம். ஐந்து லட்சம் கடன் வாங்கி ஒன்பது சதவீத வட்டி கட்டினால் முதல் வருட வட்டி மட்டும் நாற்பத்தைந்தாயிரம். டீசல், இன்ஷூரன்ஸ், ஷெட் எல்லாம் அதற்கு மேல்.

இருந்தாலும் டிராக்டர் வாங்குவதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புல் வெட்டுவது அதன் பத்து வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எரு இழுப்பது, தேங்காய் ஏற்றுவது, மட்டை ஓலை அள்ளுவது, ஸ்பிரேயர் ஓட்டுவது, ஊடுபயிருக்கு உழுவது என்று வருடத்துக்கு இருநூறு மணி நேரமாவது வேலை இருந்தால் வாங்குங்கள். ஐந்து ஏக்கருக்கு மேல் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும். சமயத்துக்கு வாடகை வண்டி கிடைக்காது என்பதும் உண்மை. மழை விட்டதும் ஊரே ஒரே நாளில் கூப்பிடும்.

சரி, எதை வாங்குவது?

இரண்டு மூன்று சென்ட் லானுக்குக் கையால் தள்ளும் உருளை வெட்டி போதும். எஞ்சின் கிடையாது, சக்கரம் சுற்றச் சுற்ற கத்திகள் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். கொரியன் புல்லில் இதன் வெட்டுக்கு ஈடு இல்லை. உலகத்தின் முதல் புல்வெட்டியே இந்த வகைதான். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் காப்புரிமை வாங்கினார். கம்பளி ஆலையில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனையைச் சீவும் மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. கோவை, திருப்பூர் மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த உருளையைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

பத்து சென்ட் வரை கரண்டில் ஓடுவதோ பேட்டரியோ நல்லது. ஒயர் வகையில் ஒயரையே வெட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு, பிளக்கிலிருந்து விலகிப் போகும் திசையில் வெட்டுங்கள். ஈரப் புல்லில் கரண்ட் மெஷின் கூடவே கூடாது.

பத்திலிருந்து நாற்பது ஐம்பது சென்ட் வரை, 18 அல்லது 21 அங்குல பெட்ரோல் மெஷின். இருபது சென்ட்டுக்கு மேல் என்றால் தானே நகரும் வகையை வாங்குங்கள். கூடுதல் பணம் கொடுக்க மனசு வராது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தோள் சொல்லும்.

அரை ஏக்கருக்கு மேல் தடை குறைந்த, திறந்த லான் இருந்தால்தான் உட்காரும் வண்டி. ரிசார்ட், பள்ளி மைதானம், கல்யாண மண்டபம் நடத்துபவர்களுக்கு அது சரி. வீட்டுக்காரர்களில் பலர் ஆசைக்கு வாங்கி, மரத்தடிக்கெல்லாம் மறுபடி பிரஷ் கட்டர் தேடுகிறார்கள்.

தோப்புக்கு: ஒரு ஏக்கர் வரை பிரஷ் கட்டர், அதற்கு மேல் வாடகை ஸ்லாஷர். ரொட்டவேட்டர் போட்டால் சுத்தமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். தென்னையின் உயிர்வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் இருக்கின்றன. அங்கே ரொட்டவேட்டரை விடாதீர்கள். ஸ்லாஷர் சாய்த்த புல் மூடாக்காக அங்கேயே மக்கட்டும்.

பிரஷ் கட்டர் எல்லோரிடமும் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் மரத்தடியில் இரும்பு பிளேடு போடாதீர்கள், நைலான் கயிறு போடுங்கள். அதையும் இளங்கன்றுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மாமரமும் வேப்பமரமும் காயத்தை மூடி வளர்ந்துவிடும், தென்னையும் பாக்கும் அப்படி இல்லை. பட்ட காயம் பட்டபடியே இருக்கும். அந்த வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: ஒரு 21 அங்குல மெஷின், ஒரு பிரஷ் கட்டர், ஒரு டிராக்டர்காரரின் போன் நம்பர்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஹெச்பி பேச்சில் மயங்காதீர்கள். டிராக்டரில் எஞ்சின் ஹெச்பி வேறு, பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பிடிஓ அச்சில் கிடைக்கும் ஹெச்பி வேறு. இரண்டாவது எப்போதும் குறைவு. ஸ்லாஷருக்கு ஒரு அடி அகலத்துக்கு பிடிஓவில் ஐந்து ஹெச்பி என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நாலடிக்கு இருபது. குபோட்டா, மஹிந்திரா ஜீவோ மாதிரியான 24 ஹெச்பி வண்டிகள் எல்லாம் அந்தக் கணக்கை ஒட்டி வருபவை. பதினைந்து ஹெச்பி வண்டியில் நாலடி ஸ்லாஷரை மாட்டிக்கொடுத்தால், காய்ந்த புல்லில் ஓடும், ஈரமான கினியா புல்லில் மூச்சு வாங்கும்.

புல்வெட்டியில் தகட்டைத் தட்டிப் பாருங்கள். மெல்லிய தகடு நம் மழையில் மூன்று வருடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழும். உயரம் மாற்றும் லீவர் ஒன்றே ஒன்றா, நாலு சக்கரத்துக்கும் தனித்தனியா? ஒரே லீவர் இருந்தால்தான் மாற்றுவீர்கள். கைப்பிடியை விட்டதும் பிளேடு நிற்கிறதா என்று கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிளேடு, பெல்ட், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் நாலும் இப்போது கையில் இருக்கிறதா, விலை என்ன என்று கேளுங்கள். “வரவழைச்சுத் தர்றோம் சார்” என்று பதில் வந்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய மெஷின் என்றால் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளேடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போச்சு. பழைய டிராக்டரில் ஹைட்ராலிக்கைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, ஸ்லாஷர் எவ்வளவு நேரம் மேலேயே நிற்கிறது என்று பாருங்கள். கண்ணெதிரே இறங்கினால் செலவு இருக்கிறது.

மானியம் பற்றிக் கேட்பவர்களுக்கு: வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான மத்தியத் திட்டம் இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது, பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம் வரை, சிறு குறு விவசாயி, பெண்கள், பட்டியலினத்தவருக்கு 50 சதவீதம் வரை, உச்சவரம்போடு. அது விவசாயத்துக்கு, வீட்டு லானுக்கு இல்லை. எல்லையில் இருப்பவர்கள் நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில அலுவலகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் நிலமுள்ளவர்கள் வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரையும் உழவன் செயலியில் பார்க்கலாம். டிராக்டர் ரோட்டில் இறங்கினால் பதிவு, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் வேண்டும். பக்கத்துத் தோப்புக்குப் போக நூறடி ரோடு என்றாலும் அது ரோடுதான்.

முதல் நாளும் முதல் மாதமும்

பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு ஒன்பது. லுங்கி நுனியோ துண்டோ அதில் மாட்டினால், கையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் ஊரில் லுங்கியோடு டிராக்டர் ஓட்டாதவர் குறைவு. அதனால்தான் இதைச் சொல்கிறேன். பேன்ட், ஷூ. அச்சின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

தள்ளும் மெஷினும் சாது இல்லை. 21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஓடும்போது அதன் நுனி மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கோலிக்குண்டு அளவு ஜல்லி அதில் பட்டால் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள், கார் கண்ணாடி இருக்கும் பக்கம் புல் கொட்டும் வாயைத் திருப்பாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பிரஷ் கட்டர் பலதும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40. புல்வெட்டி பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் தனியாக எஞ்சினுக்குள் ஊற்ற வேண்டும், பெட்ரோலில் கலக்கக் கூடாது. வேலைக்கு வரும் ஆள் ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் ஊற்றிவிடுவார். கேன் இரண்டு வைத்து, ஒன்றில் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள். புது மெஷினைப் பல கடைகள் ஆயில் இல்லாமலேதான் தரும். ஆயில் அளவு காட்டும் குச்சியை எடுத்துப் பார்க்காமல் ஸ்டார்ட் கயிற்றை இழுக்காதீர்கள். புல்வெட்டியில் முதல் ஆயில் மாற்றம் பெரும்பாலும் ஐந்து மணி நேர ஓட்டத்திலேயே வந்துவிடும், கையேட்டைப் பாருங்கள். டிராக்டரின் முதல் சர்வீஸ் வழக்கமாக 50 மணியில்.

இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கோடையில் புல் வளராமல் மெஷின் இரண்டு மாதம் சும்மா நிற்கும்போது, டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் ஜூனில் முதல் மழைக்கு ஊரில் உள்ள எல்லா கார்புரேட்டரும் ஒரே மெக்கானிக்கிடம் வரிசையில் நிற்கும், உங்களுடையதும்.

பிளேடை இருபத்தைந்து மணிக்கு ஒரு தடவை தீட்டுங்கள். தீட்டியதை நடு ஓட்டையில் ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கனம், இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். பிளேடைக் கழற்ற மெஷினைச் சாய்க்கும்போது முதலில் பிளக் ஒயரைப் பிடுங்குங்கள். அப்புறம் ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் வானத்தைப் பார்க்கும்படி சாயுங்கள். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, அடுத்து ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை பக்கத்து வீடு வரை போகும். அணைக்க வாளியோடு ஓடி வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நான் அன்று டீ போட்டுக் கொடுத்தேன்.